வாசிக்கப்படாத எழுத்துக்களும் வாசிக்கும் வேட்கையும்

எழுத்து உலகில் அடிக்கடி கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று. பெரும்பாலான மக்கட்கூட்டத்தினர் அதனைத் தம் அயலாரிடமிருந்தே பெற்றனர். பிறரிடம் கற்காது தாமாகவே எழுத்தை ஆக்கிக்கொண்டோர் என அறிஞர் ஒப்புக்கொள்ளும் நிலப்பகுதிகள் மிகச் சில. மெசப்பொத்தேமியாவும் சீனமும் அவ்வரிசையில் வருவன. அவற்றோடு எவ்விதத் தொடர்புமின்றி, பெருங்கடல்களுக்கு அப்பால், அதே வரிசையில் வைத்தெண்ணப்படும் நிலம் ஒன்றுண்டு. இன்றைய மெக்சிக்கோவின் தென்பகுதியையும் குவாத்தமாலாவையும் அவற்றைச் சூழ்ந்த நாடுகளையும் உள்ளடக்கிய இடை அமெரிக்காவே அது. அங்கு வாழ்ந்தோர் கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகளின் முன்னரே கல்லில் எழுதினர், நாட்களை எண்ணினர், மன்னரின் பெயரையும் மாண்ட பகைவரின் பெயரையும் பொறித்தனர். அவர்கள் எழுதியவற்றுள் ஒரு பகுதி இன்று வாசிக்கப்படுகின்றது. பிறிதொரு பகுதி இன்னும் வாய் திறக்கவில்லை.

இந்நாகரிகங்களைக் 'கொலம்பசுக்கு முந்தியவை' எனத் தொகுத்துக் கூறுதல் வழக்கமாகிவிட்டது. 1492ஆம் ஆண்டில் வந்திறங்கிய ஒரு மாலுமியின் வருகையை எல்லைக்கல்லாகக் கொண்டு, அவ்வருகைக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் முன்னரே மறைந்துபோன மக்களுக்குப் பெயரிடுதல் விந்தையே. ஆயின் தனித்தனிப் பெயர்களின் நிலையும் இதனினும் மேலானதன்று. 'ஒல்மெக்' என்ற பெயர் அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று. பன்னூறு ஆண்டுகளின் பின் அதே கரையோரத்தில் வாழ்ந்த வேறு மக்களுக்கு அஸ்தெக்கர் வழங்கிய, 'இறப்பர் நாட்டார்' எனப் பொருள்படும் சொல்லையே 20ஆம் நூற்றாண்டின் தொல்லியலாளர் அவர்களுக்குச் சூட்டினர். தன் பெயரைத் தானே சொல்ல இயலாத நாகரிகத்துக்குப் பிறர் பெயர் வைப்பர். எழுத்து வாசிக்கப்படாதவிடத்து நேரும் முதலாவது இழப்பு இதுவாகும்.

இரண்டாவது இழப்பு அதனினும் நுண்ணியது. பேசாத எழுத்தின் வாயில் பிறர் தம் சொற்களை வைத்துவிடுகின்றனர். ஓர் எழுத்து வாசிக்கப்பட்டது என எப்பொழுது கூறலாம், வாசிக்கப்படவில்லை என ஒப்புக்கொள்வது ஏன் இத்துணை அரிதாயிருக்கின்றது என்னும் இரு வினாக்களும் இவ்விழப்பிலிருந்தே பிறக்கின்றன. இவற்றுக்கு விடை தேட இடை அமெரிக்காவினும் சிறந்த களம் வேறில்லை எனலாம். வெற்றியும் தோல்வியும் முடிவுறாத வழக்கும் அங்கு அருகருகே கிடக்கின்றன.

மெக்சிக்கோ வளைகுடாவின் தென்கரையில், இன்றைய வெராக்குரூஸ், தபாஸ்கோ மாநிலங்களின் சதுப்பு நிலங்களிலே, ஏறத்தாழ கி.மு. 1200 முதல் கி.மு. 400 வரை ஒல்மெக் பண்பாடு செழித்தது. சான் லொரென்சோவும் லா வெந்தாவும் அதன் பெரு மையங்கள். தொன் கணக்கில் எடைகொண்ட எரிமலைப் பாறைகளைத் தொலைவிலிருந்து கொணர்ந்து, அவற்றை மனிதத் தலைகளாகச் செதுக்கியோர் அவர்கள். அத்தகைய தலைகள் 17 இதுவரை கிடைத்துள்ளன. இத்துணை ஆற்றல் படைத்தோர் எழுதவும் அறிந்திருந்தனரா என்ற வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது.

1999ஆம் ஆண்டளவில் வெராக்குரூஸ் மாநிலத்தில் வீதி வேலைக்காகக் கல் தோண்டியோர் கிளறிப்போட்ட குவியலொன்றிலிருந்து பச்சைநிறப் பாறைக்கட்டி ஒன்று வெளிப்பட்டது. கஸ்கஹால் கல் என அது பெயர்பெற்றது. ஏறத்தாழ 12 கிலோகிராம் எடையுள்ள அக்கல்லின் ஒரு முகத்தில் 62 குறிகள் கிடைவரிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. திரும்பத் திரும்ப வருவனவற்றைக் கழித்தால் வேறுபட்ட குறிகள் 28 எஞ்சும். சோளப் பொத்தியை ஒத்த ஒன்று, பூச்சியை ஒத்த ஒன்று, மீனை ஒத்த ஒன்று எனச் சிலவற்றின் உருவம் அடையாளங் காணத்தக்கதாய் உள்ளது. 2006ஆம் ஆண்டில் மெக்சிக்கோ, ஐக்கிய அமெரிக்க அறிஞர் குழுவொன்று இதனைச் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டது. உடன் கிடந்த மட்பாண்டத் துண்டுகள் முதலியவற்றைக் கொண்டு அது கி.மு. 900 அளவினதெனக் கணிக்கப்பட்டது. இக்கணிப்புச் சரியாயின் அமெரிக்கக் கண்டங்களிற் கிடைத்த மிகப் பழைய எழுத்து அதுவேயாகும்.

எனினும் ஐயங்கள் எழுந்தன. முறையான அகழ்வில் அக்கல் எடுக்கப்படவில்லை. அது கிடந்த மண்ணடுக்கு எதுவென அறிய வழியில்லை. அதன் குறிகளுக்கு ஒப்பான வரிசை வேறெந்தக் கல்லிலும் இல்லை. 2007ஆம் ஆண்டிலேயே அதன் நம்பகத்தன்மையை வினாவி அதே சஞ்சிகையில் மறுப்பு வெளிவந்தது. கல் உண்மையானதே எனக் கொண்டாலும் இடர் தீர்வதில்லை. ஒரேயொரு சாசனத்தின் 62 குறிகளை வைத்துக்கொண்டு எந்த மொழியிலும் எதையும் வாசித்துவிடலாம். அவ்வாறு வாசித்ததைப் பொய்யெனக் காட்டுவதற்கு இரண்டாவது கல் இல்லை. பொய்யெனக் காட்ட வழியில்லாத வாசிப்பை மெய்யெனக் காட்டவும் வழியில்லை.

ஒல்மெக் நிலத்துக்குத் தென்மேற்கே, மலைகள் சூழ்ந்த ஒவஹாக்காப் பள்ளத்தாக்கிற் சப்பொத்தெக் மக்கள் வாழ்ந்தனர். அங்கே சான் ஹோசே மொகொத்தே என்னுமிடத்திற் கிடைத்த கற்பலகையொன்று மார்பு பிளக்கப்பட்டு வீழ்ந்துகிடக்கும் மனிதனைக் காட்டுகின்றது. அவன் கால்களுக்கிடையே ஒரு புள்ளியும் ஒரு குறியும் உள்ளன. புள்ளி ஒன்று என்னும் எண்ணைக் குறிப்பது. குறி 260 நாட்கணக்கின் நாட்பெயர்களுள் ஒன்று. பிறந்த நாளின் பெயரையே பிள்ளைக்கு இடுதல் அந்நாட்டு வழக்காதலின், அது மாண்டவனின் பெயரெனக் கொள்ளப்படுகின்றது. அக்கல் கி.மு. 500க்கு முந்தியதென அதனை அகழ்ந்தோர் கூறினர். பிந்தியதென வாதிடுவோரும் உளர். கி.மு. 500 அளவில் எழுந்த மொந்தே அல்பான் நகரிலும் இத்தகைய உருவங்கள் பொறித்த கற்கள் 300க்கு மேற் கிடைத்தன. வளைந்து நெளிந்த அவ்வுடல்களைக் கண்டோர் முதலில் அவர்களை 'நடனமாடுவோர்' என்றனர். அவர்கள் ஆடுவோரல்லர், கொல்லப்பட்ட கைதிகள் என்ற கருத்துப் பின்னரே வலுப்பெற்றது. எழுத்து பேசாதபோது சிற்பமும் பிழையாகப் பேசும் என்பதற்கு இப்பெயரே சான்று.

சப்பொத்தெக் எழுத்தில் எண்களும் நாட்பெயர்களும் விளங்கிவிட்டன. அதனால் அவ்வெழுத்து வாசிக்கப்பட்டுவிட்டதென எவரும் கூறுவதில்லை. சீனமொழி அறியாத ஒருவன் சீனப் புத்தகமொன்றின் பக்க எண்களைப் பழக்கத்தால் அறிந்துகொள்ளலாம். அதனால் அவன் அப்புத்தகத்தை வாசித்தவனாகான். குறியின் பொருளை உய்த்துணர்தல் ஒன்று. குறிக்குரிய ஒலியை ஒரு மொழியின் சொல்லாக ஒலித்தல் மற்றொன்று. வாசிப்பு எனத் தகுவது பின்னையதே.

எனினும் எண்களை எளிதாகக் கருதுதல் தவறு. ஓர் ஊகத்தை எவ்வாறு சோதிப்பது என்பதை இடை அமெரிக்க ஆய்வு முதன்முதலிற் கற்றது எண்களிடமிருந்தே. 1939ஆம் ஆண்டில் மத்தியூ ஸ்டேர்லிங் என்பார் வெராக்குரூஸ் மாநிலத்தின் த்ரெஸ் சப்போத்தெஸ் என்னும் ஊரில் உடைந்த நெடுங்கல் ஒன்றை அகழ்ந்தெடுத்தார். அதில் நெடுங்கணக்கு முறையில் ஒரு தேதி இருந்தது. புள்ளி ஒன்றையும் கோடு ஐந்தையும் குறிக்கும், ஐந்து இடங்கள், அவற்றுள் முதலிடம் ஏறத்தாழ 394 ஆண்டுகொண்ட பேரலகுக்குரியது. அந்த முதலிடம் இருந்த பகுதியே உடைந்துபோயிருந்தது. எஞ்சிய எண்களையும் இறுதியிலிருந்த நாட்பெயரையும் பொருத்திப் பார்த்து, மறைந்த எண் 7 ஆதல் வேண்டும் எனக் கணித்தவர் அவருடைய மனைவியார் மரியன் ஸ்டேர்லிங். அக்கணக்குப்படி தேதி கி.மு. 32 ஆயிற்று. மாயா நாட்டிற் கிடைத்த தேதிகளெல்லாவற்றினும் அது முந்தியதாகையால், மாயா ஆய்வின் தலைமகனாகக் கருதப்பட்ட ஏரிக் தொம்சன் அதனை ஏற்க மறுத்தார். முப்பது ஆண்டுகளின் பின், 1969ஆம் ஆண்டில், குடியானவர் ஒருவர் அக்கல்லின் மேற்பாதியைக் கண்டெடுத்தார். அதில் ஒரு கோடும் இரு புள்ளிகளும் இருந்தன: ஏழு. கணித்தவரின் கைக்கு எட்டாத இடத்திற் கிடந்த சான்று, கணித்தவர் சொன்னதையே சொல்லிற்று.

தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டில் இன்காக்கள் பயன்படுத்திய முடிச்சுக் கயிறுகளான கீப்புக்களும் இவ்வாறே சோதிக்கப்பட்டன. முடிச்சுக்கள் பதின்ம முறையில் அமைந்த எண்கள் என லீலண்ட் லொக் 1912ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். சில கீப்புக்களிலே தொங்கும் கயிறுகளின் எண்களைக் கூட்டிய தொகை, அவற்றோடு இணைத்த மேற்கயிற்றில் முடிச்சிடப்பட்டிருந்தது. கூட்டல் சரியாக வந்தமையால் வாசிப்பும் சரியாயிற்று. ஆனால் எண்ணல்லாத கீப்புக்கள் பல இன்றும் விளங்காமலே தொங்குகின்றன. வரலாறும் வழிபாடும் அவற்றிற் பதிவாகியிருந்தன என ஸ்பானியக் குறிப்பாளர் எழுதிவைத்தனர். நாட்டுச் சமயத்தைப் பேணுவன எனக் கண்ட கீப்புக்களை அழிக்குமாறு 1583ஆம் ஆண்டில் லீமாவிற் கூடிய திருச்சபை மன்றம் பணித்தது. 2017ஆம் ஆண்டில் பெரு நாட்டின் கொல்லாத்தா என்னும் மலைக்கிராமத்திற் பேணப்பட்டுவந்த இரு கீப்புக்களை ஆராய்ந்த சபீன் ஹைலண்ட், நிறத்தாலும் மயிரிழையின் வகையாலும் வேறுபடும் 95 குறிகளை எண்ணி, அவை ஒலிகளைக் குறிக்கக்கூடும் எனக் கருத்துரைத்தார். அது இன்னும் கருத்தாகவே உள்ளது.

இவையனைத்துக்கும் நடுவே முழுமையை நெருங்கிய வாசிப்பு ஒன்றே: மாயா எழுத்தின் வாசிப்பு. அதன் வரலாறு நெருப்பில் தொடங்குகின்றது. 1562ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், யுக்கத்தானின் மானி என்னும் ஊரில், பிரான்சிஸ்கன் துறவியான தீயெகோ தெ லாந்தா மாயா ஏடுகளைக் குவித்து எரித்தார். அது அம்மக்களுக்குப் பெருந்துயரை விளைத்ததென அவரே எழுதினார். இன்று உலகில் எஞ்சியுள்ள மாயா ஏடுகள் நான்கு மட்டுமே. தம் கொடுமைகளுக்கு விளக்கமளிக்குமாறு ஸ்பெயினுக்கு அழைக்கப்பட்ட லாந்தா, 1566ஆம் ஆண்டளவில் யுக்கத்தானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எரித்தவரே எழுதிய அந்நூலில் மாயா 'அகரவரிசை' ஒன்றும் இடம்பெற்றது. ஸ்பானிய எழுத்துக்களின் பெயரை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மாயா எழுத்தாளர் ஒருவர் அவ்வொலிக்குரிய குறியை வரைந்துகாட்டினார். இடையே ஒரு சிறு வாக்கியம் எழுதிக்காட்டும்படி கேட்கப்பட்டபோது அவர் எழுதியது 'மா இன் காத்தி' என்பது. 'எனக்கு விருப்பமில்லை' என்பது அதன் பொருள். லாந்தா அதனையும் அப்படியே படியெடுத்துக்கொண்டார்.

1862ஆம் ஆண்டில் அந்நூலின் பிரதியொன்றை மாட்ரிட் நகரிற் கண்டெடுத்தவர் பிரெஞ்சு மதகுருவான பிரசேர் த பூர்பூர். திறவுகோல் கிடைத்துவிட்டதென மகிழ்ந்த அவர், எஞ்சிய ஏடுகளுள் ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அகரவரிசை எனக் கருதி எழுத்தெழுத்தாகக் கூட்டினார். வாசிக்கும் திசையையும் மாறிக் கொண்டார். கடலில் மூழ்கிய பெருநிலமொன்றின் கதை அவருக்குப் புலப்பட்டது. 'மூ' என அவர் வாசித்த சொல்லிலிருந்தே மூழ்கிய மூ கண்டம் பிறந்தது. பிற்காலத்தில் அதனைப் பசிபிக் கடலுக்குப் பெயர்த்துப் பெருநூல்கள் எழுதியோரும் உளர். அந்த ஏட்டில் உண்மையில் இருந்தவை சோதிடக் கணக்கும் சடங்கு நாட்களுமேயாகும். பிரசேர் பொய்யரல்லர்; மாயா மொழிகளைக் கற்றவர்; அரிய சுவடிகளைக் காத்தவர். அவர் தேடிய கதை அவருள்ளத்தில் ஏலவே இருந்தமையே அவருக்குக் கேடாயிற்று.

லாந்தாவின் வரிசை பயனற்றதெனப் பின்னர் ஒதுக்கப்பட்டது. மாயா எழுத்து ஒலியைக் குறிப்பதன்று, கருத்தைக் குறிப்பது. கற்களில் உள்ளவை காலக்கணக்கும் வானியலுமே என்ற தொம்சனின் கொள்கை பல ஆண்டுகள் கோலோச்சியது. 1952ஆம் ஆண்டில் லெனின்கிராட் நகரின் இளம் ஆய்வாளர் யூரி குனொரோசோவ், அவ்வரிசையை வேறொரு கண்கொண்டு நோக்கினார். லாந்தா 'பே' என ஸ்பானிய எழுத்தின் பெயரைச் சொன்னபோது மாயா எழுத்தாளர் வரைந்தது 'பே' என்னும் முழு ஒலிக்குரிய குறியையே என்பது அவருக்குப் புலனாயிற்று. தமிழ் கற்ற ஒருவருக்கு இதனை விளக்க அதிகம் சொல்லவேண்டியதில்லை: லாந்தா மெய்யைக் கேட்டார், எழுத்தாளர் உயிர்மெய்யைக் கொடுத்தார். ஏட்டின் ஓவியத்தில் வான்கோழி உள்ளவிடத்து மேலே இரு குறிகள் உள்ளன. முதற்குறி லாந்தாவின் 'கு'. வான்கோழிக்கு யுக்கத்தான் மாயா மொழியில் 'குட்ஸ்' என்று பெயர். எனவே இரண்டாவது குறி 'ட்ஸு' ஆதல் வேண்டும். நாயின் ஓவியத்துக்கு மேலுள்ள சொல் இந்த 'ட்ஸு' குறியிலேயே தொடங்கி, லாந்தா 'ல' ஒலிக்குக் காட்டிய குறியில் முடிகின்றது. நாய்க்கு அம்மொழியில் 'ட்ஸூல்' என்று பெயர். ஓரிடத்திற் பெற்ற ஒலிப்பெறுமானம், அதனைப் பெறும்போது எண்ணியிராத பிறிதோரிடத்தில் தானாகவே பொருந்திற்று.

1960ஆம் ஆண்டில் தத்தியானா புரொஸ்கூரியாகோவ் வேறொரு வழியில் அதே கோட்டையை உடைத்தார். பியெத்ராஸ் நெக்ராஸ் நகரின் கற்கள் தொகுதி தொகுதியாக நிற்பதையும், ஒரு தொகுதியின் தேதிகள் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதையும் கண்ட அவர், அவை தேவர்களின் நாட்களல்ல, அரசர்களின் பிறப்பும் முடிசூடலும் குறிப்பவை என எடுத்துக்காட்டினார். தொம்சன் இம்முடிவை ஏற்றுக்கொண்டார். குனொரோசோவின் முடிவை 1975ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஏற்கவில்லை. அதன் பின் வந்த தலைமுறையினர் இரு வழிகளையும் இணைத்தே மாயா மன்னர் வரலாற்றை எழுதினர். ஆயிரக்கணக்கான சாசனங்கள், லாந்தாவின் குறைபட்ட திறவுகோல், இன்றும் பல இலட்சம் மக்கள் பேசும் ஏறத்தாழ 30 மாயா மொழிகள் ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே வாய்த்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மூன்றுள் ஒன்றோ இரண்டோ குறைந்தால் நேர்வது யாது என்பதைத் தெகுவாந்தெபெக் பூசந்தியின் எழுத்துக் காட்டுகின்றது. 1902ஆம் ஆண்டில் வெராக்குரூஸில் நிலம் உழுதவர் கண்டெடுத்த சிறு பச்சைக்கற் சிலையொன்று கி.பி. 162ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்கியிருந்தது. 1986ஆம் ஆண்டில் அதே மாநிலத்தின் லா மொஹார்ரா என்னும் ஊரருகே ஆற்றிலிருந்து நான்கு தொன் எடையுள்ள நெடுங்கல் ஒன்று மீட்கப்பட்டது. கி.பி. 143, 156ஆம் ஆண்டுத் தேதிகளும் 500க்கு மேற்பட்ட குறிகளும் அதிற் காணப்பட்டன. ஜோன் ஜஸ்டிசனும் டெரன்ஸ் காவ்மனும் 1993ஆம் ஆண்டில் அவ்வெழுத்தை வாசித்துவிட்டதாக அறிவித்தனர். இன்றைய ஸோக்கே மொழிகளின் மூதாதை மொழியே அதில் உள்ளதென்றும், ஓர் அரசன் ஆட்சிக்கு உயர்ந்த வரலாறே அதன் பொருளென்றும் கூறினர். அவர்தம் தெரிவு காரணமற்றதன்று. கொக்கோவைக் குறிக்கும் சொல் உள்ளிட்ட பல சொற்களை இடை அமெரிக்காவின் பிறமொழிகள் மிஹே-ஸோக்கே மொழிக்குடும்பத்திலிருந்தே கடன்கொண்டன என 1976ஆம் ஆண்டிலேயே லைல் காம்பெலும் காவ்மனும் வாதிட்டிருந்தனர்.

பின்னர் கற்முகமூடியொன்றின் பின்புறத்தில் அதே எழுத்திலமைந்த சாசனம் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. வாசித்தோர் முன்பு கண்டிராத சாசனம் அது. மைக்கேல் கோவும் ஸ்டீபன் ஹூஸ்டனும் ஜஸ்டிசன், காவ்மன் ஆகியோரின் ஒலிப்பெறுமானங்களை அதன்மேற் பொருத்திப் பார்த்தனர். பொருளுள்ள எதுவும் கிடைக்கவில்லை என 2003ஆம் ஆண்டின் கட்டுரையொன்றில் எழுதினர். முந்தியோர் தம் வாசிப்பைக் கைவிடவில்லை. பூசந்தி எழுத்தின் சாசனங்கள் மிகச் சிலவேயாதலின் வழக்கு முடிவுறாது நிற்கின்றது. ஈண்டு எவர் சரி என்பதினும் முதன்மையானது, சோதனையின் வடிவம். புதிய சாசனம் ஒன்று வரும்போது பழைய வாசிப்பு அதனிடத்தும் நின்று பேசவேண்டும். உடைந்த கல்லின் மேற்பாதி மரியன் ஸ்டேர்லிங்குக்குச் சொன்ன விடையை, இம்முகமூடி இவர்களுக்குச் சொல்லவில்லை.

இவ்வரலாற்றில் தமிழ் மாணவர் நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. மாயா எழுத்தைத் திறந்த அதே குனொரோசோவ் 1960களில் சோவியத் ஆய்வுக்குழுவொன்றுக்குத் தலைமை தாங்கிச் சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்தார். கணிப்பொறியின் துணைகொண்டு குறிகளின் அடுக்கை ஆராய்ந்த அக்குழு, அவ்வெழுத்தின் மொழி திராவிட மொழிகளின் அமைப்போடு ஒத்ததென 1965ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட அறிக்கைகளிற் கருத்துரைத்தது. அக்கருதுகோளுக்கு வலுவான நியாயங்கள் உண்டு. அஸ்கோ பர்ப்போலாவும், 1977ஆம் ஆண்டில் சிந்துவெளிச் சாசனங்களின் தொடரடைவை வெளியிட்ட ஐராவதம் மகாதேவனும் அவ்வழியில் நெடுந்தூரம் உழைத்தனர். ஆயினும் மாயா எழுத்து வாசிக்கப்பட்டது என்னும் பொருளிற் சிந்துவெளி எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை. ஆய்வாளர் ஒருவரே, அவர் அறிவும் ஒன்றே. மாறியது சான்று. அங்கே நெடிய சாசனங்கள் இருந்தன. இங்கே ஒரு சாசனத்துக்குச் சராசரி ஐந்து குறிகளே உள்ளன. அங்கே லாந்தாவின் வரிசை இருந்தது. இங்கே இருமொழிச் சாசனம் ஒன்றேனும் கிடைக்கவில்லை.

இதனைத் தமிழரிடையே கூறுதல் எளிதன்று. தன் மொழியின் முதுமையைப் பிறர் ஐயுறும் சூழலில் வாழும் ஒரு சமூகத்துக்குப் பழைய முத்திரையொன்றில் தன் சொல்லைக் காணும் ஆவல் இயல்பானதே. அதனை எள்ளுதல் தகாது. மூழ்கிய கண்டத்தைக் கண்ட பிரசேரையும் அத்தகைய ஆவலே உந்திற்று. ஆனால் ஆவல் விடை கூறத் தொடங்குமிடத்து ஆய்வு முடிந்துவிடுகின்றது. வாசிப்பாளர் தாம் விரும்பும் மொழியிலேயே கல்லைப் பேசவைப்பாராயின், அக்கல்லைப் பொறித்தவர் இரண்டாம் முறையும் மௌனமாக்கப்படுகின்றார். திராவிட மொழிக் கருதுகோள் மெய்யாகுமாயின், அதற்கு வேண்டுவது மரியன் ஸ்டேர்லிங்குக்குக் கிடைத்த மேற்பாதிக் கல்லைப் போன்ற சான்று. ஆர்வத்தின் பெருக்கத்தால் அச்சான்றின் இடத்தை நிரப்பமுடியாது. 'இன்னும் தெரியவில்லை' எனக் கூறும் தமிழ் மாணவர் தம் மொழிக்குக் குறைவு செய்தவராகார். நாளை மெய்யான சான்று கிட்டும்போது அதனை உலகு நம்பத்தக்க நிலையைக் காத்தவராவர்.

தொல்லெழுத்துக்களின் எதிர்காலம் அகழ்வுக்குழிகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. மாயா எழுத்தைத் திறக்க உதவிய 'குட்ஸ்', 'ட்ஸூல்' என்னும் சொற்களை வழிவழியாகப் பேசிக் காத்தவர்கள் யுக்கத்தானின் உழவர்களும் அவர்தம் பெண்டிருமே. ஸோக்கே மொழியினருக்கு அந்நற்பேறு உறுதியில்லை. 1982ஆம் ஆண்டில் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது ஸோக்கே ஊர்கள் பல சாம்பலில் மூழ்கின. உயிர் தப்பியோர் சிதறினர். தபாஸ்கோவின் ஆயபா என்னும் ஊருக்குரிய ஸோக்கே மொழியைச் சரளமாகப் பேசுவோர் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சில முதியவர்களாகவே எஞ்சியிருந்தனர். ஒல்மெக் நிலத்தின் மண்ணுக்குள்ளிருந்து நாளையே நூறு சாசனங்கள் வெளிப்படினும், அவற்றை ஒலித்துப் பார்க்கவேண்டிய மொழிகள் அதற்குள் மறைந்துபோயின் பயன் சிறிதே. சாசனத்தைக் காட்சிச்சாலையிற் காக்கும் அரசுகள், அதனை விளக்கக்கூடிய மொழியைப் பள்ளிக்கூடத்திற் காக்க மறத்தல் பெரும் முரணாகும்.

ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. 1980களின் பிற்பகுதியிலிருந்து குவாத்தமாலாவின் மாயா மொழி பேசுவோர், பயிற்சி வகுப்புக்களிற் கூடித் தம் முன்னோரின் எழுத்தைக் கற்றுவருகின்றனர். லிண்டா ஷீல், நிக்கோலாய் குரூபே முதலிய ஆய்வாளர் தொடக்கத்தில் அவர்களுக்குக் கற்பித்தனர். பின்னர் மாயா ஆசிரியர்களே கற்பிக்கலாயினர். லாந்தாவின் முன்னிலையில் விருப்பமின்மையை எழுதிக்காட்டிய அந்த எழுத்தாளரின் குறிகளிலே இன்று அவர் வழிவந்தோர் தம் பெயரைத் தம் விருப்பத்தோடு எழுதுகின்றனர். கஸ்கஹால் கல்லின் 62 குறிகளுக்கு அத்தகைய மாணாக்கர் இன்னும் வாய்க்கவில்லை. வாய்க்கும்வரை, அவற்றின்மேல் அயலார் சொற்களை ஏற்றாது காத்தல், அவற்றைப் பொறித்தவருக்குச் செய்யத்தக்க மரியாதையாகும்.